நாலாவது பிரதி

அத்தியாயம் 7

"கெடச்சிடுச்சு சார்! ஆமா, உங்க வூட்டம்மா எழுதன நாவல்தான். முழுசா இருக்குதாம். வெள்ளிமலையில இருசம்மாள்னு ஒரு அம்மா, அவங்க போன்ல. இன்னும் ரெண்டு மணி நேரத்துல கையில இருக்கும். வெச்சிடறேன் சார்."

கச்சிராயபாளையம் டீக்கடை வாசலில் நின்றபடி ஜீவா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். குலுக்கலில் பரிசு விழுந்தவன் முகம் போலிருந்தது அவன் முகம். நாற்பத்திரண்டு வயது. இருபது வருடம் கள்ளக்குறிச்சியில் கேபிள் கம்பி இழுத்தவன். ஊரே போனில் சீரியல் பார்க்க ஆரம்பித்ததும், அவன் இழுத்த கம்பிகளில் துணி காய ஆரம்பித்தது. அன்று ராஜாம்பாளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன்தான்.

ராஜாம்பாள் இரண்டு டீயோடு வந்தாள். போலீஸில் முப்பது வருடம் இருந்தவள். அதில் பாதி ஸ்டேஷன் ரைட்டர் நாற்காலியில் போனது. வருகிறவர்கள் சொல்லச் சொல்லப் புகார் எழுதி எழுதி, எழுதுகிற கை தானாக எங்கே நிற்கிறதோ, அங்கே பொய் என்று தெரிந்துகொள்வாள். ஓய்வு பெற்றுத் துப்பறியும் அலுவலகம் வைத்த பிறகும் ஊருக்கு அவள் ரைட்டரம்மாதான்.

"யாரு போன்ல?"

"நம்ம கிளையண்ட்டுதான் ரைட்டரம்மா. பாவம், மூணு நாளா சோறே எறங்கலன்னு சொன்னாரே. நல்ல சேதிய முன்னாடியே சொன்னா இன்னா கொறஞ்சிடும்?"

"இன்னும் நம்ம கைக்கு வரல, ஜீவா."

"வந்தா மாதிரிதான். மேல போனா சிக்னல் இருக்குமோ இருக்காதோ, அதான் இங்கியே சொல்லிட்டேன்."

ராஜாம்பாள் அவனை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். டீயை மிச்சம் வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதை ஜீவா கவனித்தான். கவனித்துவிட்டு, அவளுடைய டீயையும் தானே குடித்தான்.

வாடகை ஜீப் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு ஜீவாவின் தோள் கதவில் இடித்தது.

வழக்கு இதுதான். வெங்கடேசன், தியாகதுருகம் சாலையில் மரவள்ளிக்கிழங்கு மண்டி வைத்திருப்பவர். அவர் மனைவி சிவரஞ்சனி நாலு வருடமாக ஒரு நாவல் எழுதினாள். சென்னைப் பதிப்பகம் ஒன்று முதல் சில அத்தியாயங்களைப் படித்துவிட்டு, மாதக் கடைசிக்குள் முழுசும் அனுப்பினால் புத்தகமாகப் போடுகிறோம் என்று எழுதியிருந்தது. அவளும் விவரமானவள். ஒன்று தொலைந்தால் ஒன்று இருக்கட்டுமென்று மூன்று பிரதி வைத்திருந்தாள். லேப்டாப்பில் ஒன்று. பென் டிரைவில் ஒன்று, அதுவும் துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில். இன்டர்நெட்டில் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில் மூன்றும் காணாமல் போயின.

செவ்வாய்க்கிழமை இவர்கள் வீட்டுக்குப் போனபோது பேசியதெல்லாம் வெங்கடேசன்தான். சோபாவில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்து, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாக அவள் வாயில் ஊட்டினார். அவள் மென்று விழுங்கினாள். "எவ்ளோ வேணா செலவாவட்டுங்க, எங்கனா ஒரு காப்பி இருந்தா கண்டுபுடிச்சிக் குடுங்க" என்றார். ஜீவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு புருஷன் தன் மனைவிக்கு வாய்க்கவில்லையே என்று தன்னைத்தானே நொந்துகொண்டான்.

"எனக்கு இன்னும் ஒண்ணு வெளங்கல ரைட்டரம்மா," என்றான் இப்போது. "சமையக்கட்டுல போயி கை கழுவிட்டு வந்தீங்க. வந்ததும் அந்தம்மா போன்ல யாருக்கெல்லாம் பேசனாங்கன்னு பட்டியல் கேட்டீங்க. கொழாயிலயா துப்பு வந்துச்சு?"

"வேலை செய்யற அம்மா சொன்னது. திங்கக்கெழமன்னா சிவரஞ்சனிக்குத் தொண்ட கட்டிக்குமாம். மெளகுப் பால் காச்சித் தருவாங்களாம். வாரா வாரம்."

"சரி."

"ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு ஒரே நம்பருக்குப் போன். முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம்."

"அவ்ளோ நேரம் பேசனா யாருக்கும் கட்டும்."

"ரெண்டு பேர் பேசனா கட்டாது. இவ பேசறப்போ அவ கேப்பா, அவ பேசறப்போ இவ மூச்சு வுடுவா. ஒருத்தியே பேசிக்கினு இருந்தாதான் கட்டும். எழுதனத வாய் வுட்டுப் படிச்சிருக்கா. எழுத்தா அனுப்பாம ஏன் படிக்கணும்?"

ஜீவா தலையைச் சொறிந்தான். "அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குப் படிக்கத் தெரியாது!"

"கேபிள் ஆளுக்கு இப்பதான் படம் தெரியுது."

காலையில் அந்த நம்பரைக் கூப்பிட்டபோது இருசம்மாள் வெகுளியாகச் சொல்லிவிட்டாள். சிவரஞ்சனி கல்யாணத்துக்கு முன் வெள்ளிமலையில் ஒரு தங்கும் பள்ளியில் டீச்சர். இருசம்மாள் அங்கே சமையல். அப்போது பிடித்த சிநேகிதம். டீச்சரம்மா படிக்கிற கதையெல்லாம் போன் தானாகவே பதிந்து வைத்துக்கொள்கிறது என்றும், களை எடுக்கும்போது அதைப் போட்டுக் கேட்போம் என்றும், இது டீச்சரம்மாவுக்குத் தெரியாது, தெரிந்தால் வெட்கப்படுவாள் என்றும் சொல்லிச் சிரித்தாள்.

வெள்ளிமலைக் கடைத்தெருவைத் தாண்டி, கரியாலூர் போகும் பாதையில் இருந்தது அவள் வீடு. வாசலில் இருசம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மடியில் முந்தானையை விரித்து எதையோ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போனதும் தெரிந்தது. கண்ணாடிச் சில்லு, பச்சைத் தகடு, கறுப்பு உறை. ஒரு போனின் எலும்புகள்.

"காலையில டீச்சரம்மா கதைக்காவ பேசனது நீங்கதானே?" என்றாள் நிமிராமல். "அப்போ முன்னாடி வந்தவன யாரு அனுப்பனது?"

"யாரும்மா வந்தது?" என்றாள் ராஜாம்பாள்.

"ராஜதுரைன்னு பேரு. இங்க கெழங்கு எடை போட்டு லாரி ஏத்துவான். டீச்சரம்மா போன வாங்கியாரச் சொன்னாங்கன்னான். குடுத்தேன். ஆட்டுக்கல்லு மேல வெச்சான். வாயில இருந்த பீடிய எடுத்து ஓரமா வெச்சிட்டு, சுத்தியால நாலு போடு போட்டான். சின்னதா ஒரு கார்டு இருந்துச்சு பாருங்க, அத மட்டும் எடுத்து பல்லுல வெச்சி ரெண்டாக் கடிச்சித் துப்பினான். கோவமே இல்லீங்க அவனுக்கு. அதான் எனக்கு பயமா இருந்துச்சு. மறுபடியும் பீடிய எடுத்துப் புடிச்சிக்கினே போய்ட்டான்."

"எப்போ?"

"இப்பதான். அர மணி நேரம் ஆவுல."

ஜீவாவின் கை சட்டைப்பையில் இருந்த போன்மேல் போய் நின்றது. கிழங்கு எடை போடுகிறவன். கிழங்கு மண்டி. மலைக்குக் கீழே இந்தச் சேதி தெரிந்தவர்கள் மூன்று பேர். ராஜாம்பாள், அவன், டீக்கடை வாசலில் அவன் கூப்பிட்டுச் சொன்ன ஆள்.

"ரைட்டரம்மா... நான்தான்..."

"செவ்வாய்க்கெழமை அந்த வூட்ல நாம ஒரு மணி நேரம் இருந்தோம்," என்றாள் ராஜாம்பாள், மடியிலிருந்த சில்லுகளைப் பார்த்தபடி. "வேற காப்பி எங்கனா இருக்குமான்னு அந்த மனுஷன் நாலு தரம் கேட்டாரு. யாரு அழிச்சாங்கன்னு ஒரு தரம்கூடக் கேக்கல. வூட்ல திருட்டுப் போனவன் மொதல்ல திருடன் பேரைத்தான் கேப்பான், ஜீவா. மிச்சம் இன்னா இருக்குன்னு கேக்கறவன் திருட வந்தவன்."

"அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்!"

"சந்தேகம். சாத்துக்குடி ஊட்டற கையப் பாத்துட்டு நானே என் சந்தேகத்த அடக்கி வெச்சேன். டீக்கடையில ஒங்கிட்ட சொல்ல வந்தேன், காரியம் மிஞ்சிடுச்சேன்னு சொல்லல. வாய வெச்சிக்கினு சும்மா இல்லாதது ஒன் தப்பு. வாயத் தொறக்காதது என் தப்பு."

ஜீவா தரையில் கிடந்த ஒரு கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி இருசம்மாளின் முந்தானையில் வைத்தான்.

இருசம்மாள் முந்தானையை மூட்டையாக முடிந்தாள். "வேற யார்கிட்டனா குடுத்தியான்னு அவனும் கேட்டான்."

"இன்னா சொன்னீங்க?"

"இல்லன்னுட்டேன். போன ஒடைக்க வந்தவன்கிட்ட யாராவது நெஜம் சொல்லுவாங்களா?" எழுந்து புடவையை உதறினாள். "தைலம்மா போன்லதான் சத்தம் ஜாஸ்தி. வாரா வாரம் அவளுக்கு ஏத்திக் குடுத்துடுவேன். வாங்க, காட்டுலதான் இருக்கா."

சாமைக் காடு சரிவில் இருந்தது. எட்டுப் பெண்கள் ஒரே வரிசையில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவள் கழுத்தில் ஒரு துணிப்பை, பைக்குள் போன். அவள்தான் தைலம்மாள். முப்பது வயது, கணீரென்ற குரல்.

"கத கேக்க வந்தீங்களா? நின்னுக்கினு கேக்கறவங்களுக்கு இங்க கத கெடையாது. குனிஞ்சி நாலு களை புடுங்குங்க."

"நான் புடுங்குனா சாமையும் சேந்து வந்துடும்மா," என்றான் ஜீவா. பழக்கத்தில் வந்த வார்த்தை. அவனுக்கே அது ருசிக்கவில்லை.

"எல்லாக் கதையும் இருக்குதா?" என்று கேட்டாள் ராஜாம்பாள்.

"மொதக் கதையிலேர்ந்து. நாப்பதும் இருக்குது. போன ஞாயித்துக்கெழமதான் கடேசி." தைலம்மாள் உற்சாகமாக இடுப்பை நிமிர்த்தினாள். "அதுலயும் இந்த வாரம் ரெண்டு பேர் படிச்சாங்க பாருங்க, அடேங்கப்பா! யாரோ ஒரு ஆம்பள. நல்லாப் பேசனாரு. கதையில வர புருஷங்காரன் பேசறது அப்பிடியே இருந்துச்சு. எங்களுக்கு வந்த கோவத்துல அன்னிக்கு ரெண்டு வரிச அதிகமா எடுத்துட்டோம்."

ராஜாம்பாளின் முகம் மாறியது. "இருசம்மா, நீங்க கேட்டீங்களா?"

"படிச்சி முடிச்சி, போன வெக்கறேன்னு சொல்லாமயே இருந்தாங்க. கொஞ்சம் கழிச்சி ஆம்பளக் கொரல் கேட்டுச்சு. டீச்சரம்மா வூட்டுக்காரர நான் பாத்ததே இல்லியே. யாரோ சேந்து படிக்கறாங்கன்னு நெனச்சேன். சிக்னல் வுட்டு வுட்டுதான் வந்துச்சு. அது பாட்டுக்குப் பதியட்டும்னு அடுப்படிக்குப் போய்ட்டேன்."

"போடும்மா. அந்தக் கடேசிய."

சிவரஞ்சனியின் குரல் சரிவில் பரவியது. இந்த வழக்கு எடுத்த நாள் முதல் ஜீவா அவள் குரலைக் கேட்டதில்லை. நிதானமான, டீச்சர் குரல். கடைசி அத்தியாயத்தைப் படித்து முடித்தாள். ஒரு கதவுச் சத்தம். அவள் போனைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும், குரல்கள் அடங்கிக் கேட்டன.

"யாருகிட்டடி படிச்சிக்கினு இருக்க?"

வெங்கடேசன்.

"யாரும் இல்ல. சும்மா படிச்சிப் பாத்தேன்."

"நானும் படிச்சேன், நேத்து. சாப்புடும்போது தட்ட எட்டி வுடற புருஷன் யாருன்னு ஊருக்கே தெரியும்ல? என்னப் பாத்து அத்தினி பேரும் சிரிக்கணும்." குரலில் கோபமில்லை. சாத்துக்குடி உரித்த குரல்தான். "வா, வந்து ஒக்காரு. படிக்கத்தான ஒனக்குப் புடிக்கும்? பேரப் படி. ஒவ்வொண்ணா."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அவள் குரல்: "அத்தியாயம் ஒண்ணு. சீர்வரிசை."

ஒரு தட்டல். "போச்சு. அடுத்தது."

"அத்தியாயம் ரெண்டு. வாடகை நகை."

தட்டல். "போச்சு. அடுத்தது."

நாற்பது அத்தியாயத்தையும் அவளையே வாசிக்க வைத்தார். ஒன்றைக்கூட அவசரமாக அழிக்கவில்லை. பதினேழாவதில் அவள் குரல் கட்டிக்கொண்டது. "தண்ணி குடிச்சிட்டுப் படி," என்றார் பரிவாக. தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் குடித்தாள், படித்தாள். பிறகு தரையில் பருப்பு கொட்டும் ஓசை, நீளமாக, மழை போல. "இங்க வெச்சா நான் தேட மாட்டேன்னு நெனச்ச." பிறகு இன்டர்நெட்டின் ரகசியச் சொல்லைக் கேட்டார். அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"நாலு வருஷம் எழுதினது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே ஒனக்கு?" என்றது குரல். "அப்போ வேற எங்கியோ ஒண்ணு வெச்சிருக்க. எங்க?"

"இல்ல."

"எங்க?"

"வேற இல்ல."

"இருக்கட்டும். கண்டுபுடிக்கறதுக்குன்னே ஊர்ல ஆளுங்க இருக்காங்க. அவங்கள வுட்டுத் தேடிக்கறேன்."

அத்தோடு நின்றது.

ஜீவா கீழே பார்த்துக்கொண்டிருந்தான். ஆளுங்க. அந்த ஆள் அவன்தான். மோப்ப நாய் மாதிரி மலை வரைக்கும் ஓடி, இருக்குமிடம் தெரிந்ததும் குரைத்து எஜமானுக்குச் சொன்னவன்.

தைலம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது கதைதானங்க?"

"இல்லம்மா," என்றாள் ராஜாம்பாள்.

வரிசையின் ஓரத்தில் இருந்த ஒருத்தி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். "தண்ணி குடின்னு சொல்ற எடத்துல சிரிச்சோங்க," என்றாள் மெதுவாக. "எல்லாரும் சிரிச்சோம்."

ராஜாம்பாள்தான் முதலில் அசைந்தாள். "எத்தினி பேர்கிட்ட போன் இருக்கு? எல்லாத்துலயும் ஏத்துங்க. நாப்பதும். ஒருத்தர் போன்லகூட ஒண்ணு கம்மியா இருக்கக் கூடாது. ராஜதுரை திரும்பி வந்து ஒண்ண ஒடைச்சா ஏழு இருக்கணும்."

களைக் கொத்துகள் வரப்பில் விழுந்தன. பெண்கள் தலையோடு தலை சேர்த்துக் குனிந்தார்கள்.

"ஸ்டேஷனுக்கு இப்பவே போன் போடுங்க ரைட்டரம்மா. சிக்னல் ஒரு கோடு இருக்கு."

"போட்டா, நம்ம ஆளுங்க போயி வாசல்ல நிப்பாங்க. அவரு மோர் குடுப்பாரு. அவ எதுத்தாப்ல நின்னு, ஒண்ணுமில்லன்னு சொல்லுவா. அத எழுதிக்கினு வந்துடுவாங்க. நான் அப்பிடி எத்தினி எழுதியிருக்கேன் தெரியுமா? மொதல்ல அவள அந்த வூட்ட வுட்டு வெளிய கொண்டாரணும். அதுவரைக்கும் இது இருக்கறது அவருக்குத் தெரியக் கூடாது."

அப்போது ஜீவாவின் போன் அடித்தது. திரையில் வெங்கடேசன் பெயர்.

"எடு. சாதாரணமாப் பேசு," என்றாள் ராஜாம்பாள்.

"ஜீவா தம்பி! எங்க இருக்கீங்க? கெடச்சிடுச்சா?"

"இல்ல சார். நாங்க வரதுக்குள்ள யாரோ போன ஒடைச்சிப் போட்டுட்டாங்க."

"அடடா." அந்த அடடாவில் வெல்லம் வழிந்தது. "வேற யார்கிட்டயும்...?"

எட்டுப் பெண்களும் நிமிர்ந்து ஜீவாவைப் பார்த்தார்கள்.

"இல்ல சார். அவ்ளோதான்."

"ஒரு நிமிஷம் தம்பி, ஸ்பீக்கர்ல போடறேன். அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நா சொன்னா நம்ப மாட்டா." குரல் தள்ளிப் போனது. "ரஞ்சனி, இங்க வா. ஒனக்கு ஒரு விஷயம் தெரியுமா? நீ படிச்ச கத பூராவும் மலையில அந்த இருசம்மா போன்ல பதிஞ்சிருந்துச்சாம். ஒண்ணுகூட போவாம, முழுசா. ஒனக்கே தெரியாதுல்ல?"

"என்னது?" என்றாள் சிவரஞ்சனி.

அந்த ஒரு சொல்லில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம் வந்ததை, முப்பது மைலுக்கு இந்தப் பக்கம் நின்ற ஜீவா கேட்டான்.

"முழுசாவா? நாப்பதுமா? இருசம்மாகிட்டயா?"

"அவரே சொல்லுவாரு, கேளு. சொல்லுங்க தம்பி."

ஜீவா ராஜாம்பாளைப் பார்த்தான். இருக்குதும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அவர் காதும் கேட்கும். ராஜதுரை அரை மணி நேர தூரத்தில் இருக்கிறான். அவளோ அவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். ராஜாம்பாள் கண்ணை மூடி, வேண்டாமென்று தலையசைத்தாள்.

"அம்மா," என்றான் ஜீவா. "இருந்துச்சும்மா. நாங்க வரதுக்கு முன்னாடி ஒடைச்சிட்டாங்க. ஒண்ணும் மிச்சமில்லம்மா."

பிறகு ஏதோ பாத்திரம் உருள்வது போலக் கேட்டது. அது பாத்திரம் இல்லை, அவள் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவள் மூச்சு விட்டு மூச்சு விட்டு அழுதாள். வாயை மூடிக்கொள்ளக்கூட முயலவில்லை. வெங்கடேசன் போனை அணைக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், அதை ஜீவாவும் கேட்கும்படி விட்டு வைத்திருந்தார்.

"ரொம்ப நன்றி தம்பி," என்றார் கடைசியில், மனம் நிறைந்து. "நல்லா வேலை செஞ்சீங்க."

இணைப்பு அறுந்தது.

ஜீவா போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "அந்தம்மாகிட்ட மட்டும் ரகசியமா எப்பிடியாவது..."

"அவ போன் அவருகிட்ட இருக்கு, ஜீவா."

"அந்த வேலைக்கார அம்மா?"

"மதியமே போயிடுவாங்க."

தைலம்மாள் தன் போனைப் பையோடு கழற்றி ராஜாம்பாளின் கையில் வைத்தாள். ராஜாம்பாளும் ஜீவாவும் சரிவில் ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். ஜீவா ஜீப் கதவைத் திறந்து, ஓட்டுநரின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"கள்ளக்குறிச்சிக்கு. எங்கியும் நிறுத்தாத."

"எவ்ளோ வெரட்டினாலும் ரெண்டு மணி நேரம் ஆவும் சார்," என்றான் ஓட்டுநர்.

ஜீப் முதல் வளைவில் திரும்பியது. திரையில் இருந்த ஒரு கோடும் போய்விட்டது. ரெண்டு மணி நேரம். அதுவரைக்கும், அவன் சொன்னதை நம்பிக்கொண்டு, அவள் அந்த வீட்டில் அந்த ஆளோடு இருப்பாள்.